யாரும் திருப்பிக் கேட்காத கடன்

2011 ஏப்ரல் 25 அன்று, பாரிஸ் நகருக்குக் கிழக்கே மார்ன்-லா-வாலேயில் இருக்கும் டிஸ்னிலேண்டில், ‘பிக் தண்டர் மவுண்டன்’ என்ற சுரங்க ரயிலில் போய்க்கொண்டிருந்த 5 பேர் காயமடைந்தார்கள். ஒருவருக்குப் பலத்த காயம். ரயில் தடம் புரளவில்லை. பிரேக் பிடிக்காமல் போகவும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த ரயிலின் மேல் விழுந்தது, அந்தச் செயற்கை மலையின் அலங்காரத்திலிருந்து பெயர்ந்த ஒரு துண்டு. தீம் பார்க் நடத்துபவர்கள் செலவுக் கணக்கில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் சக்கரம், தண்டவாளம், பிரேக், இருக்கைப் பிடிப்பு. இவற்றில் கை வைக்கக் கூடாது. அந்தப் பக்கம் பெயிண்ட், பொம்மை, விளக்கு, பொய்ப் பாறை. கையில் பணம் குறைந்தால் இவை காத்திருக்கலாம். அன்று விழுந்த துண்டு அந்தக் கோட்டுக்கு மரியாதை தரவில்லை.

இந்தக் கோடே தவறானது என்பதுதான் என் வாதம். ராட்டினம் வேண்டுமென்றால் சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியிலும் இருக்கிறது. தலைகீழாகச் சுழற்றி வயிற்றைக் கலக்குவதற்கு யாரும் பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. டிஸ்னி நிறுவனம் பல மடங்கு விலைக்கு டிக்கெட் விற்க முடிவது, ராட்டினத்தைச் சுற்றி ஒரு கதையையும் ஒரு ஊரையும் கட்டி எழுப்பியிருப்பதால்தான். அங்கே விற்கப்படும் சரக்கு அந்தக் கதைச்சூழல். ரயில் அதற்குள் நம்மை ஏற்றிச் செல்லும் வண்டி மட்டுமே. டிஸ்னி தன் ஊழியர்களுக்குப் பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வந்த நான்கு விதிகளின் வரிசையே இதற்குச் சாட்சி: முதலில் பாதுகாப்பு, பிறகு மரியாதை, பிறகு காட்சி, கடைசியில்தான் சிக்கனமும் வேகமும் சேர்ந்த செயல்திறன். காட்சிக்கும் செயல்திறனுக்கும் மோதல் வந்தால் எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதில் அந்த வரிசைக்குச் சந்தேகமே இல்லை. நிறுவனத்தின் நிதித்துறைக்குத்தான் சந்தேகம் வந்துவிடுகிறது.

பாரிஸ் பூங்காவின் கதை இதில் தனி ரகம். காரணம், 1992 ஏப்ரல் 12 அன்று ‘யூரோ டிஸ்னி’ என்ற பெயரில் அது திறக்கப்பட்டபோது, உலகிலிருந்த டிஸ்னி பூங்காக்களில் அதைப் போல நுணுக்கமாக அலங்கரிக்கப்பட்டது வேறில்லை என்று சொல்லும் அளவுக்கு இருந்தது. நிஜக் கோட்டைகளைத் தினமும் பார்க்கிற ஐரோப்பியர்களிடம் பொய்க் கோட்டையை விற்க வேண்டும் என்ற கவலை டோனி பாக்ஸ்டர் தலைமையிலான வடிவமைப்பாளர்களுக்கு இருந்தது. அதனால்தான் கோட்டையின் அடித்தளத்தில் மூச்சுவிட்டு உறுமும் ஒரு டிராகனைப் படுக்க வைத்தார்கள். நுழைவாயில் தெருவின் இரு புறமும், மழைக்கு ஒதுங்கி நடக்கக் கூரை வேய்ந்த நடைகூடங்கள் கட்டினார்கள். பிக் தண்டர் மலையைச் செயற்கை ஆற்றின் நடுவே ஒரு தீவில் வைத்து, ரயில் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் வழியாகத் தீவுக்குப் போய்த் திரும்பும்படி அமைத்தார்கள். அமெரிக்கப் பூங்காக்களில் ‘நாளைய உலகம்’ என்றிருந்த பகுதி, இங்கே ஜூல் வெர்னின் நாவல்களை ஒட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்ஸ் கண்ட எதிர்காலக் கனவாக மாறியது. இவ்வளவு மரவேலை, உலோக வேலை, சுவரோவியம், நகரும் பொம்மை எல்லாம் வட பிரான்சின் மழையிலும் உறைபனியிலும் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவின் வெயிலுக்குப் பூசுகிற பெயிண்ட் இங்கே எத்தனை நாள் தாங்கும்? நுணுக்கம் கூடக் கூடப் பராமரிப்புச் செலவும் கூடும் என்பது அந்தப் பூங்காவைக் கட்டிய நாளிலேயே எழுதி வைக்கப்பட்ட விதி.

அந்தச் செலவுக்குரிய பணம்தான் தொடக்கத்திலிருந்தே வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. பெரும் கடனில் கட்டப்பட்ட பூங்கா அது. எதிர்பார்த்த கூட்டமும் வரவில்லை, கட்டி வைத்த ஹோட்டல் அறைகளும் நிரம்பவில்லை. 1994இல் வங்கிகளோடு உட்கார்ந்து கடனை மறுசீரமைக்க வேண்டியதாயிற்று. சவூதி இளவரசர் அல்-வலீத் முதலீட்டாளராக உள்ளே வந்தார். பிறகு 2005இல் மீண்டும் ஒரு மறுசீரமைப்பு. 2012இல் தாய் நிறுவனமான டிஸ்னியே வங்கிக் கடன்களைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. 2014இல் 100 கோடி யூரோ அளவுக்கு மறுமுதலீட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இந்த இருபதாண்டுகளில் வட்டிக்காரருக்குத் தவணை தேதி இருந்தது. பெயரையும் கதாபாத்திரங்களையும் தந்ததற்காக டிஸ்னிக்குத் தர வேண்டிய உரிமத் தொகைக்கு ஒப்பந்தம் இருந்தது. தொழிலாளர்களுக்குச் சங்கம் இருந்தது. உரிந்த பெயிண்டுக்கும் அசையாமல் நின்றுவிட்ட பொம்மைக்கும் பேச யாருமில்லை. ஒரு நிறுவனம் தரவேண்டிய கடன்களில், யாரும் நோட்டீஸ் அனுப்பாத ஒரே கடன் பராமரிப்பு. அதைத்தான் எல்லா நெருக்கடியிலும் முதலில் தள்ளிப்போட்டார்கள்.

தள்ளிப்போட்டதில் நிதி நெருக்கடிக்கு மட்டுமல்லாமல் கணக்கெழுதும் முறைக்கும் பங்கு உண்டு. இது பொதுவாகப் பேசப்படாத விஷயம் என்பதால் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 10 கோடி செலவழித்து ஒரு புதிய சவாரி கட்டினால், அந்தத் தொகை மூலதனமாகக் கணக்கில் ஏறும். அதன் தேய்மானம் பல ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதப்படும். இந்த ஆண்டின் லாபத்தில் அதன் கீறல் சிறியதுதான். அதே பூங்காவில் 1 கோடிக்குப் பெயிண்ட் அடித்து, பழுதான மோட்டார்களை மாற்றினால், வழக்கமான பராமரிப்பு என்பதால் பெரும்பாலும் முழுத் தொகையும் இந்த ஆண்டின் செலவாகவே போய்விடும். புதிய சவாரிக்கு விளம்பரப் பலகை வைக்கலாம், பத்திரிகையாளர்களை அழைக்கலாம், பங்குதாரர் கூட்டத்தில் படம் காட்டலாம். பழைய பொம்மை மறுபடியும் தலையசைக்கிறது என்று யாரும் விளம்பரம் செய்ததில்லை. மூன்று நான்கு ஆண்டு பதவியில் இருந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் ஒரு நிர்வாகி, பராமரிப்பைக் குறைத்தால் அதன் பலன் தன் காலத்திலும், அதன் கேடு தனக்குப் பின் வருபவர் காலத்திலும் தெரியும் என்று அறிந்தே குறைக்கிறார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருக்குத் தரப்பட்ட பரீட்சைத்தாள் அப்படி.

கதைச்சூழலையே வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் பாரிஸிலேயே சோதனை நடந்திருக்கிறது. 2002 மார்ச் 16 அன்று முதல் பூங்காவுக்கு அருகில் ‘வால்ட் டிஸ்னி ஸ்டூடியோஸ்’ என்ற இரண்டாவது பூங்கா திறக்கப்பட்டது. சினிமா ஸ்டூடியோ என்ற கதையைச் சொல்லி, பெரிய பெட்டிகளைப் போன்ற கட்டடங்களையும் வெறும் தார்த் தளத்தையும் அலங்காரமின்றி விட்டுவிட வசதியாக இருந்தது. ஸ்டூடியோ என்றால் அப்படித்தானே இருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரே பூங்கா இருந்த 2001 நிதியாண்டில் வந்தவர்கள் சுமார் 1.22 கோடி பேர். இரண்டு பூங்காக்கள் இருந்த 2003இல் சுமார் 1.24 கோடி பேர். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலாவே படுத்துக் கிடந்த காலம் அது என்பதை மறுக்க முடியாது. ஆனால் சுற்றுலாச் சரிவை மட்டும் காரணம் காட்ட முடியாதபடி, கலிபோர்னியாவிலும் இதே கதை நடந்தது. 2001 பிப்ரவரியில் டிஸ்னிலேண்டை ஒட்டிச் சிக்கனமாகக் கட்டப்பட்ட ‘கலிபோர்னியா அட்வென்ச்சர்’ தாக்குதலுக்கு முந்தைய மாதங்களிலேயே கூட்டமின்றித் தடுமாறியது. 2007இல் அதைத் திருத்தியமைக்க 110 கோடி டாலர் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி போனது, முதலில் மிச்சம் பிடித்த அதே விஷயத்துக்குத்தான்: இடத்துக்கு ஒரு கதை, கதைக்கேற்ற தெரு, தெருவுக்கேற்ற மலை. 2012இல் ‘கார்ஸ் லேண்ட்’ திறந்த பிறகுதான் அங்கே கூட்டம் வந்தது.

பணமில்லாதவன் என்ன செய்வான் என்று கேட்கலாம். பாரிஸைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. வட்டி கட்டவே கடன் வாங்கும் நிலையில் இருந்த நிறுவனத்திடம் பொம்மைக்கு மேல்சட்டை மாற்றச் சொல்வது எளிது. ஆனால் பணமின்மைதான் காரணம் என்றால், பணம் இருக்கிற இடத்தில் இது நடக்கக் கூடாது. புளோரிடாவில் ‘அனிமல் கிங்டம்’ பூங்காவில், 2006 ஏப்ரலில், சுமார் 10 கோடி டாலர் செலவில் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் ‘எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்’ திறக்கப்பட்டது. இமயமலையின் பனி மனிதனான யெட்டி காக்கும் மலைக்குள் ரயில் நுழைகிறது; கடைசியில் யெட்டியே எதிரில் வந்து பாய்கிறது. சவாரியின் கதை முழுவதும் அந்த ஒரு நொடிக்காகத்தான். சுமார் 25 அடி உயரமுள்ள அந்த யெட்டி திறந்து சில மாதங்களிலேயே இயங்குவதை நிறுத்திக்கொண்டது. அதன் மேல் மின்னல்போல் வெட்டும் விளக்கைப் பாய்ச்சி, அசைகிற மாதிரி ஒரு மயக்கத்தை ஏற்படுத்திச் சமாளித்தார்கள். ரசிகர்கள் அதற்கு ‘டிஸ்கோ யெட்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வடிவமைப்புக்குத் தலைமை வகித்த ஜோ ரோடி 2013இல் நடந்த ரசிகர் மாநாட்டில், என்றாவது ஒருநாள் அதைச் சரி செய்வேன் என்று வாக்குக் கொடுத்தார். 2021இல் ஓய்வு பெற்றும் போய்விட்டார். 2022இல் சவாரியைச் சில மாதங்கள் மூடிப் பராமரிப்பு வேலை நடந்தது. யெட்டி அப்போதும் அசையவில்லை. பூங்காக்கள் வழியே ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர் லாபம் பார்க்கும் நிறுவனம் இது. மலையைப் பிரித்துப் போட்டால்தான் யெட்டியைத் தொட முடியும் என்ற பொறியியல் சிக்கல் இருக்கலாம். அப்படியானால் கட்டும்போதே பராமரிப்பை யோசிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? டிக்கெட் வரிசை குறையாதவரை அந்த மலையைப் பிரிக்க எந்த நிதி அதிகாரியும் கையெழுத்துப் போடப் போவதில்லை.

எதிர்ப்பக்க உதாரணங்களும் இருக்கின்றன, அவை கடனைப் பற்றிய வாதத்தை இன்னும் தெளிவாக்குகின்றன. தோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983இல் திறக்கப்பட்டது. அதை நடத்தும் ஓரியண்டல் லேண்ட் நிறுவனத்தில் டிஸ்னிக்குப் பங்கு கிடையாது. பாரிஸைப் போலவே அதுவும் டிஸ்னிக்கு உரிமத் தொகை கட்டுகிறது. ஆனாலும் உலகிலேயே பளிச்சென்று வைக்கப்பட்ட டிஸ்னி பூங்கா எது என்றால் பெரும்பாலானோர் தோக்கியோவைத்தான் காட்டுவார்கள். எனவே உரிமத் தொகையை மட்டும் பழி சொல்ல முடியாது. நெதர்லாந்தின் எஃப்தெலிங் அதைவிடப் பழையது, 1952இல் தொடங்கியது. ஓவியர் அன்டன் பீக் வரைந்த தேவதைக் கதைக் காடு அங்கே இன்றும் ஓடுகிறது. அந்தப் பூங்காவின் உரிமையாளர் ஒரு அறக்கட்டளை. காலாண்டு லாபம் கேட்டு நச்சரிக்கும் பங்குச்சந்தை அதற்கு இல்லை. ஜெர்மனியில் மாக் குடும்பம் நடத்தும் ஐரோப்பா பார்க்கில் 1987 முதல் ஓடிய கடற்கொள்ளையர் படகுச் சவாரி 2018 மே மாதம் தீக்கிரையானது. அந்த இடத்தில் மலிவாக வேறொன்றைக் கட்டி முடித்திருக்கலாம். அவர்கள் அதே சவாரியை மறுபடியும் கட்டி 2020இல் திறந்தார்கள். அறக்கட்டளையும் குடும்பமும் இயல்பிலேயே நல்லவை என்று நான் சொல்லவில்லை. பத்தாண்டுக்குப் பிறகும் அதே இடத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பதுதான் அவர்களிடம் உள்ள வேறுபாடு.

இன்னொரு ஆட்சேபம் இன்னும் வலுவானது. பெயிண்ட் உரிந்தால் யாரும் சாக மாட்டார்கள். பணம் குறைவாக இருக்கும்போது அதைப் போல்ட்டுக்கும் பிரேக்குக்கும் செலவிடுவதுதானே பொறுப்பு? கேட்கச் சரியாகவே இருக்கிறது. ஆனால் பராமரிப்பு என்பது இரண்டு பெட்டிகளில் பிரித்து வைத்த பணமல்ல, ஒரே பணிமனையின் பழக்கம். கலிபோர்னியாவின் ஆனஹைம் டிஸ்னிலேண்டில் நடந்தது இதைத்தான் காட்டுகிறது. 1997இல் மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தின் பரிந்துரையோடு அங்கே பராமரிப்பு முறை மாற்றப்பட்டது. பழக்கத்தின்படி எல்லாவற்றையும் தினமும் பார்ப்பதை விட்டுவிட்டு, எங்கே தேவையோ அங்கே மட்டும் கவனம் செலுத்தி ஆட்செலவைக் குறைப்பது அதன் நோக்கம். அதனால் பாதுகாப்பு குறையவில்லை என்பது டிஸ்னியின் நிலைப்பாடு. அந்த ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரிந்தது வேறு: 1995இல் நிறுத்தப்பட்ட ‘பீப்பிள்மூவர்’ ரயிலின் பாதையில் 1998இல் ‘ராக்கெட் ராட்ஸ்’ ஓட்டிப் பார்த்து, 2000இல் அதையும் நிறுத்தினார்கள், அந்த உயர்த்தப்பட்ட பாதை இன்றுவரை வெறுமையாக ‘நாளைய உலக’த்தின் குறுக்கே நிற்கிறது. 1998இல் மூடப்பட்ட நீர்மூழ்கிக் கப்பல் சவாரியின் குளம் 2007 வரை அடுத்த வேடத்துக்காகக் காத்துக் கிடந்தது.

கண்ணுக்குத் தெரியாததும் நடந்துகொண்டிருந்தது. 1998 டிசம்பர் 24 அன்று கொலம்பியா என்ற பாய்மரக் கப்பலைத் துறையில் கட்டும்போது, கயிறு பூட்டியிருந்த இரும்புக் கொண்டி கப்பலிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து, வரிசையில் நின்ற ஒருவரின் உயிரைப் பறித்தது. ஊழியருக்குப் போதிய பயிற்சி இல்லை என்று கண்ட மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை விதித்த அபராதம் 12,500 டாலர். நிரந்தரப் பூங்காக்களின் சவாரிகளை அரசு ஆய்வு செய்யும் சட்டமே கலிபோர்னியாவில் 1999இல்தான் வந்தது. 2003 செப்டம்பர் 5 அன்று அங்குள்ள பிக் தண்டர் ரயிலின் முன்பகுதி கழன்று ஓர் இளைஞர் இறந்தார். 10 பேர் காயமடைந்தார்கள். மாநில ஆய்வு சொன்னது: சக்கரத் தொகுதியின் போல்ட்டுகள் சரியாக முறுக்கப்படவில்லை, அவை தளராமல் பிடிக்கும் கம்பி போடப்படவில்லை. ரயிலில் வழக்கமில்லாத சத்தம் வருவதை ஊழியர்கள் கேட்டிருந்தார்கள். இன்னொரு சுற்று போய்வந்ததும் கழற்றி வைக்கலாம் என்றிருந்தபோதுதான் விபத்து நடந்தது.

பெயிண்ட் உரிந்ததால்தான் போல்ட் தளர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. நான் சொல்வது வேறு. கண்ணெதிரே உடைந்த ஒன்று மாதக்கணக்கில் உடைந்தே கிடக்கலாம் என்று ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்குப் பழக்கப்படுத்திவிட்டால், ‘இன்னொரு சுற்று போய்வரட்டும்’ என்பது அந்த இடத்தின் பேச்சுவழக்காகிவிடும். நின்றுபோன பொம்மையைப் பற்றி எழுதிக் கொடுத்த புகார் கிடப்பில் கிடப்பதைப் பார்த்த ஊழியர், அடுத்த முறை ஒரு சத்தத்தைக் கேட்டால் எழுதிக் கொடுப்பாரா? பார்வையாளருக்கும் அலங்காரத்தின் நிலை ஓர் அறிகுறி. பிரேக்கைத் திறந்து பார்க்க அவருக்கு வழியில்லை. பெயிண்டைப் பார்க்க வழியிருக்கிறது. ஓட்டலில் சமையலறை நிலவரத்தைக் கை கழுவும் இடத்தைப் பார்த்துக் கணிக்கிறோமே, அது போன்ற கணிப்புதான். தவறலாம், ஆனால் அடிப்படையற்றது அல்ல. 2003இல் ஆனஹைமின் தலைமைக்கு மாட் வீமெட் வந்து, 2005இல் வந்த பொன்விழாவுக்காகப் பூங்காவைத் துலக்கியபோது, பெயிண்ட், மரவேலை, தண்டவாளம் எல்லாமே ஒன்றாகத்தான் கவனிக்கப்பட்டன. ‘ஸ்பேஸ் மவுண்டன்’ சவாரியை 2003இல் மூடி, தடத்தையே புதிதாகப் போட்டு 2005இல் திறந்தார்கள். இரண்டையும் பிரிக்க முடியாது என்பதை நிறுவனமே செய்து காட்டிய தருணம் அது.

பழமை விரும்பிகளின் புலம்பல் இது, பூங்கா என்றால் மாறத்தானே வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாறட்டும். பாரிஸின் ஜூல் வெர்ன் பகுதியில் 1995இல் ‘பூமியிலிருந்து நிலவுக்கு’ என்ற கதையோடு வந்த ஸ்பேஸ் மவுண்டன் தானே ஒரு மாற்றம்தான். பூங்கா முதன்முதலாக லாபம் கண்ட ஆண்டில் அதற்கும் பங்கிருந்தது. ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2004இல் வெர்னையே கதாபாத்திரமாகக் காட்டிய ‘விஷனேரியம்’ படக்காட்சி மூடப்பட்டு, 2006இல் அந்த இடத்தில் பஸ் லைட்இயர் துப்பாக்கி விளையாட்டு வந்தது. 2005இல் ஸ்பேஸ் மவுண்டனின் கதை கழற்றப்பட்டது. 2017இல் அது ஸ்டார் வார்ஸ் சவாரியானது. வெண்கலப் பீரங்கி பொருத்திய விக்டோரியா காலத்து மலைக்குள், விண்மீன் மண்டலப் போர். ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமே. அந்தந்த ஆண்டில் பிரபலமாக இருந்த படத்தைக் கொண்டுவந்தார்கள். சேர்த்துப் பார்த்தால், ஒரு பகுதி ஒரே கதையைச் சொல்லும் என்ற ஏற்பாடு குலைந்து, பக்கத்துப் பக்கத்தில் விளம்பரப் பலகைகள் நிற்கும் கடைத்தெருவாகிவிட்டது. இதற்கும் பராமரிப்புக்கும் தொடர்பு உண்டு. பழைய கதையைப் பழுதடைய விட்டுவிட்டு, ‘இதை இப்போது யார் ரசிக்கிறார்கள்’ என்று கேட்டுத் தூக்கிவிடுவது எளிது. பழுதானதை மாற்றுவது வேறு. மாற்றுவதற்காகவே பழுதாக விடுவது வேறு.

கூட்டம் குறையவில்லையே என்பதுதான் நிர்வாகங்களின் கடைசிப் பதில். பாரிஸில் இருபதாம் ஆண்டு கொண்டாடிய 2012இல் வந்தவர்கள் சுமார் 1.6 கோடி, 2014இல் அது 1.42 கோடியாகவும், 2016இல் 1.34 கோடியாகவும் இறங்கியது. இறங்கியதற்கு ஐரோப்பாவின் பொருளாதார மந்தமும் 2015 நவம்பர் பாரிஸ் தாக்குதலும் பெரிய காரணங்கள். பெயிண்டை மட்டும் குற்றவாளியாக்கினால் அது நேர்மையாகாது. கூட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதே என் நிலைப்பாடு. வருகிறவர்கள் இரண்டு வகை. பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர்கள். மீண்டும் மீண்டும் வரக்கூடியவர்கள், சென்ற முறை அசைந்த பொம்மை இந்த முறை அசையவில்லை என்று கண்டுபிடிப்பவர்கள். 2010களின் முற்பகுதியில் பராமரிப்புக்காகக் குரல் கொடுத்தவர்கள் இவர்கள்தான். இன்னொரு வகை, வாழ்நாளில் ஒருமுறை வருபவர்கள். தமிழ்நாட்டிலிருந்து ‘பத்து நாளில் ஐரோப்பா’ என்று போகிற சுற்றுலாக் குழுக்களில் பாரிஸ் டிஸ்னிலேண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கப்படுவது சாதாரணம். அந்த ஒரு நாளுக்கு நான்கு பேர் குடும்பம் கொடுக்கும் பணம் யூரோவில் கணக்கிட்டாலே கனமானது. ரூபாயில் சொல்ல வேண்டாம். கோட்டையின் அடியில் டிராகன் அன்று அசையாமல் கிடந்தால், அது எப்போதுமே சிலைதான் போலிருக்கிறது என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். தாங்கள் எதை இழந்தோம் என்றே தெரியாதவரால் புகார் செய்ய முடியாது. அவர் புகார் செய்யவில்லை என்பதைத் திருப்தியின் அடையாளமாகக் கணக்கெழுதுவது, பார்வையற்றவரிடம் செல்லாத நோட்டைக் கொடுத்துவிட்டு அவர் வாங்கிக்கொண்டாரே என்பதற்குச் சமம்.

2017இல் வெள்ளிவிழாவுக்கு முன்பு பாரிஸ் நிர்வாகம் விழித்துக்கொண்டதை மறைக்க வேண்டியதில்லை. ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ 2015இல் புதுப்பிக்கப்பட்டது. அலங்காரம் விழுந்த அந்தப் பிக் தண்டர் மலை ஓராண்டுக்கும் மேல் மூடிச் செப்பனிடப்பட்டு 2016 டிசம்பரில் திறந்தது. கடற்கொள்ளையர் சவாரி, ஸ்டார் டூர்ஸ், பிறகு பேய் மாளிகை, 2021இல் கோட்டை என்று வரிசையாக வேலை நடந்தது. பல ஆண்டு பாக்கியை ஒரே மூச்சில் அடைக்கப் போனதால், அந்த ஆண்டுகளில் போனவர்கள் பெரிய சவாரிகள் பலவும் மூடிக் கிடந்த பூங்காவையே பார்த்தார்கள். தள்ளிப்போட்ட பராமரிப்பின் வட்டி இப்படித்தான் வசூலாகிறது. தள்ளிப்போட்டவரிடமிருந்து அல்ல, அந்த நேரத்தில் டிக்கெட் வாங்கியவரிடமிருந்து. 2017இல் டிஸ்னி பெரும்பாலான பங்குகளை வாங்கிக்கொண்டு நிறுவனத்தைப் பங்குச்சந்தையிலிருந்து வெளியே எடுத்தது. 2018இல் 200 கோடி யூரோ விரிவாக்கத்தை அறிவித்தது. அது பெரும்பாலும் புதிய பகுதிகளுக்கானது. கணக்கேட்டின் பழைய சாய்வு அப்படியேதான் இருக்கிறது.

சாய்வைச் சரி செய்யப் பெரிய சட்டமெல்லாம் வேண்டாம். எந்தச் சவாரி எந்தத் தேதியில் மூடியிருக்கும் என்பதைப் பெரிய பூங்காக்கள் தங்கள் இணையதளத்தில் முன்கூட்டியே போட்டுவிடுகின்றன. திறந்திருந்தும் பாதி இயங்கும் சவாரிகளைப் பற்றித்தான் மூச்சு விடுவதில்லை. பிரதானமான பொம்மையோ காட்சியோ 30 நாட்களுக்கு மேல் இயங்காமல் இருந்தால் அதே பக்கத்தில் அதையும் எழுத வேண்டும் என்று நுகர்வோர் அமைப்புகள் கேட்கலாம். விமானத்தில் திரை வேலை செய்யாவிட்டால் நஷ்டஈடு கேட்கிற பயணிக்கு இது புரியாத கோரிக்கையல்ல. பாதுகாப்பு ஆய்வாளர்களின் பட்டியலில், பயணிகளின் தலைக்கு மேல் தொங்கும் அலங்காரம் எதுவும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது 2011க்குப் பிறகு எந்த நாட்டுக்கும் கஷ்டமாக இருக்கக் கூடாது. புதிய சவாரிக்கு முதலீடு கேட்டு இயக்குநர் குழுவுக்கு வரும் ஒவ்வொரு கோப்பிலும், அதன் இருபதாண்டுப் பராமரிப்புச் செலவும், அதை எந்த வருமானத்திலிருந்து எடுப்பார்கள் என்பதும் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும். எவரெஸ்ட் மலைக்கு அப்படி ஒரு பக்கம் எழுதப்பட்டிருந்தால், மலையைப் பிரிக்காமல் யெட்டியின் மூட்டுகளை எப்படி அடைவது என்ற கேள்வி சிமென்ட் ஊற்றுவதற்கு முன்பே வந்திருக்கும்.